புயல்முகனுக்கு ஒரு மெமோ

காவிரித் தண்ணீர் பாயும் ஊர்கள் அத்தனையிலும் தேடினாலும், ஒரு கார்ட்டூன் படத்தை முன்னூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டு, அதன் கதாநாயகன் மீது துறைரீதியான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மனப்பூர்வமாகச் சொல்கிற ஒரே ஆள் எங்கள் லஸ்கராகத்தான் இருப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்க வேண்டும். ஆதார் அட்டையைப் பார்த்தால் தெரியும். ஊரில் யாரும் பார்த்ததில்லை. லஸ்கர் என்பது அவருடைய உத்தியோகம். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் திருகு வைத்த இரும்புக் கதவு ஒன்று இருக்கும். நாங்கள் ஷட்டர் என்போம். மேலிடத்து உத்தரவுப்படி அதை இத்தனை அங்குலம் ஏற்றுவது, இத்தனை அங்குலம் இறக்குவது, காலையும் மாலையும் சுவரில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து ஆபீசுக்குப் போன் போட்டு 'கேஜ்' சொல்வது, இதுதான் லஸ்கர் வேலை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஷட்டர் என் வீட்டுக் கொல்லையிலிருந்து கூப்பிடு தூரம். அதனால் லஸ்கர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. இருபத்தெட்டு வருடம் தண்ணீரை ஏற்றி இறக்கி, உலகத்தில் உள்ள எல்லாமே ஏறும் அல்லது இறங்கும், அதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். என் மனைவி ரசம் ஊற்றினால் "ஒரு அங்குலம் எறக்கி ஊத்துங்க தங்கச்சி" என்பார்.

கல்யாண வீட்டில் அவர் பந்தியின் கடைசி இலையில்தான் உட்காருவார். முன்னால் இடம் காலியாக இருந்தாலும் போக மாட்டார். கடைமடைக்குச் சாம்பார் வந்து சேருகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டுமாம். இரண்டு நிமிடம் தாமதமானால் அங்கிருந்தே குரல் வரும்.

"தலைமடையில யாருப்பா அது, ரெண்டாந்தடவ வாங்குறது? கீழ இன்னும் மொதத் தண்ணியே வரல."

மாப்பிள்ளையின் தகப்பனாரே ஒரு முறை கையை இழுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கைக்குள் படம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் மகள் கயலுக்கு அப்போது ஐந்து வயது. தஞ்சாவூர் செல்போன் கடை ஒன்றில் பென் டிரைவில் குழந்தைகள் படம் ஏற்றி வாங்கி வந்திருந்தேன். அதில் ஒன்றுதான் இது. படத்தின் சரியான பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. பென் டிரைவில் 'கிட்ஸ் நாலு' என்றிருந்தது. எந்த நாட்டுக்காரன் எடுத்தானோ, எல்லாரும் தமிழில் பேசினார்கள். கலங்கரை விளக்கத்தில் விளக்கேற்றும் தொந்திக்காரர் ஒருவர். மின்னல் தாக்கியதில் அவருக்கு அசுர பலம் வந்துவிடுகிறது. ஆரஞ்சு நிற முகமூடி மாட்டிக்கொண்டு புயல்முகன் ஆகிவிடுகிறார். வில்லன் ஒரு விஞ்ஞானி. ஊர் ஆற்றை மலைமேல் சுவர் கட்டித் தேக்கி வைத்துக்கொண்டு ஊரை மிரட்டுகிறான். கடைசியில் அந்தச் சுவரில் விரிசல் விடும். ஊர் மொத்தமும் மேட்டுக்கு ஏறும் வரை புயல்முகன் முதுகைக் கொடுத்துச் சுவரைத் தாங்கி நிற்பார். கயலுக்கு அந்த இடம் உயிர். சோற்றுக் கையோடு எழுந்து போய் டிவியைத் தன் முதுகால் தாங்குவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருகு இறுகிவிட்டது, கொஞ்சம் விளக்கெண்ணெய் வேண்டும் என்று கிண்ணத்தோடு லஸ்கர் வந்தார். டிவியில் வில்லன் தண்ணீர் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தான். லஸ்கர் நின்றார். என் மனைவி எண்ணெய் கொடுத்தாள். கையில் வாங்கிக்கொண்டு நின்றார். காபி கொடுத்தாள். அதையும் மற்றொரு கையில் வாங்கிக்கொண்டு நின்றார். முக்கால் மணி நேரம் கழித்துச் சுவரில் விரிசல் விடுகிற இடம் வந்ததும், "கேஜ் பாத்துட்டு வந்துடறேன்" என்று வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து கயலிடம், "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். அவள் முதுகைக் காட்டி நடித்தே காட்டினாள். அடுத்த ஞாயிறு எண்ணெய் கேட்காமலே வந்தார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் கயல், லஸ்கர், நான் மூவரும் 'கிட்ஸ் நாலு'தான். மற்றவர்கள் படம் பார்க்கிற மாதிரி அவர் பார்க்கவில்லை. தணிக்கை அதிகாரி வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

"பாத்தீங்களா வாத்யாரே. வெளக்கப் போட்டுட்டு சார்ஜ் ஒப்படைக்காம பறந்துட்டான். இப்ப ஒரு கப்பல் வந்தா யாரு பதில் சொல்றது?"

"ஊரக் காப்பாத்தத்தானே போறாரு லஸ்கர்?"

"அது வேற துறைங்க. மேல எழுதிப் போட்டு, அவங்க அனுமதி குடுத்து, மாத்து ஆளு வந்த பெறகு போவணும். இவனுக்குப் பதினேழு பி குடுக்காம விட்டது தப்பு."

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்குப் பதினேழு பி என்றால் தூக்கம் போய்விடும். பெரிய தண்டனைக்கு முன்னால் வருகிற குற்றச்சாட்டு மெமோ அது. லஸ்கர் கணக்குப்படி புயல்முகன் மீது அப்படி ஒன்பது மெமோ நிலுவையில் இருந்தது. சீருடைக்கு மேல் முகமூடி அணிந்தது ஒன்று. பணி நேரத்தில் காதலித்தது இன்னொன்று.

வில்லன் மீது மட்டும் அவருக்குப் பெரிய மரியாதை.

"இந்தப் படத்துல ஒழுங்கா வேலை பாக்குறவன் இவன் ஒருத்தன்தான். ஒவ்வொரு சீன்லயும் கேஜ் பாக்குறான், நோட்டுல எழுதுறான். கவனிச்சீங்களா?"

"அவன் வில்லனுங்க."

"இருக்கட்டுமே. வேலை சுத்தமா இருக்கே."

ஆனால் விரிசல் விடுகிற இடம் வந்தால் ஆள் எழுந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம்: "கேஜ் பாத்துட்டு வந்துடறேன்." ஊர் ஜனங்கள் மேட்டில் நின்று கைதட்டுகிற போதுதான் திரும்பி வருவார். அப்படி ஒரு கடமையுணர்ச்சி என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய மூத்த பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். அப்பாவுக்குப் பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறான். புயல்முகன் படம் போட்ட பனியன் வேண்டும் என்றிருக்கிறார் இவர். உலகத்தில் எந்தக் கடையிலும் அது கிடைக்காது. அதனால் எங்கள் வீட்டு டிவியைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினார். பையன் அங்கே ஒரு கடையில் கொடுத்து அதை அப்படியே அச்சடித்து அனுப்பிவிட்டான். நெஞ்சு முழுக்கப் புயல்முகன். இடது ஓரத்தில், டிவி கண்ணாடியில் பிரதிபலித்த நான், லுங்கியோடு உட்கார்ந்திருந்தேன்.

லஸ்கர் அதைக் காக்கிச் சட்டைக்குள் தினமும் போட்டார். ஒரு புரட்டாசி மாத வெயிலில் காக்கியின் பொத்தான்களைக் கழற்றிவிட்டு அவர் ஷட்டரின் திருகைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, பெரிய இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். கொல்லையில் நின்றிருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது.

"யாருய்யா இது, நெஞ்சுல?"

"புயல்முகன் சார்."

"பக்கத்துல?"

"கணக்கு வாத்தியார் சார்."

இன்ஜினியர் குனிந்து அந்த லுங்கியை உற்றுப் பார்த்தார். பிறகு பொத்தானைப் போடச் சொல்லிவிட்டுப் போனார். நான் அன்றைக்கு ரோட்டுப் பக்கமே போகவில்லை.

கயலுக்குப் பதிமூன்று வயது ஆனதும் எங்கள் கூட்டணி உடைந்தது. ஒரு ஞாயிறு, அறைக் கதவுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டி, "அப்பா, என் ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க. நீங்களும் லஸ்கர் மாமாவும் அந்தப் படத்த மட்டும் போட்டுறாதீங்க, ப்ளீஸ்" என்றாள். அது சின்னப் பிள்ளைகள் படமாம். லஸ்கர் கொஞ்சம் யோசித்தார். "சவுண்ட கம்மி பண்ணிக்கலாம் வாத்யாரே" என்றார். நாற்பத்தெட்டு வயதில் ஒருவனும் ஐம்பத்தாறு வயதில் ஒருவரும் டிவிக்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காதை நீட்டிக்கொண்டு, புயல்முகன் பறப்பதைப் பார்த்தோம். உள்ளே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். எங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை என்று லஸ்கர் சொன்னார்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது போன குறுவை அறுவடையின் போது நடந்தது.

எங்களுக்கு இருப்பது கொஞ்சம் நிலம். அறுத்த நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவிந்து கிடந்தது. எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நெல் நனைந்தால் ஈரப்பதம் கூடும். கூடினால் எடுக்க மாட்டார்கள். மறுபடி காய வைக்க வெயிலுக்கு எங்கே போவது? அந்த வியாழக்கிழமை காலையில் கயல் வயிறு வலிக்கிறது என்றாள். பதினைந்து வயதுப் பெண். முதல் நாள் யாரோ கொடுத்த பானிபூரி சாப்பிட்டிருந்தாள். நான் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். "நெல்லு எடை ஏறட்டும்மா, சாயங்காலம் டாக்டர்கிட்ட போவலாம்" என்றேன். சாயங்காலம் மழை வந்தது. நான் தார்ப்பாயோடு களத்துக்கு ஓடினேன்.

மறுநாள் மதியம் களத்தில் நிற்கும்போது போன் செய்தாள். "அப்பா, வலி நின்னுருச்சுப்பா" என்றாள். அப்பாடா என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்றவரிடம் கூடச் சொன்னேன், ஓமத் தண்ணீருக்கு மிஞ்சினது இல்லைங்க என்று. அன்றே நெல்லும் ஏறிவிட்டது. இரட்டிப்புச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தால், பெண் நெருப்பாகக் கொதித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல்வால் வீங்கி வெடித்திருக்கிறது. வெடித்ததும் கொஞ்ச நேரம் வலி நிற்குமாம். உள்ளே சீழ் பரவுகிற நேரம்தான் நான் அப்பாடா என்ற நேரம். சனிக்கிழமை காலையில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இதைப் பதமாகத்தான் சொன்னார். "ஆபரேஷன் ஒன்றரை, ரெண்டு மணி நேரம் ஆவும். தெறந்து பாத்தாத்தான் எவ்வளவு பரவியிருக்குன்னு சொல்ல முடியும்." நான் கணக்கு வாத்தியார். பட்டம் இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒரு பெட்டிக்கடைக்காரர் கூட அந்த வியாழக்கிழமையே டாக்டரிடம் போயிருப்பார்.

பதினோரு மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். என் மனைவி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எதிர்ப்பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடத்தில் லஸ்கர் வந்து சேர்ந்தார். காக்கியோடுதான். பாபநாசத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், ஒரு பக்கச் சட்டை முழுக்கக் கசங்கியிருந்தது. கவலைப்படாதீங்க என்று சொல்லவில்லை. எப்படி நடந்தது என்றும் கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம் சொன்னாங்க?"

"ரெண்டு மணி நேரம் ஆகலாமாம்."

"படம் ஒன்னே முக்கா மணி" என்று சொல்லிக்கொண்டே செல்போனை எடுத்தார். 'கிட்ஸ் நாலு'வை எப்போதோ அதில் ஏற்றி வைத்திருந்தார். சிக்கலான இயர்போன் ஒயரைப் பிரித்தார். ஒரு முனையைத் தன் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. "இப்பப் போயா லஸ்கர்?"

"இப்பத்தான். சும்மா ஒக்காந்தா கதவத்தான் பாப்பீங்க. பாக்குறதுனால கதவு தொறக்காது. நான் கதவு பாக்குற உத்தியோகத்துல இருக்கேன், எனக்குத் தெரியும். மாட்டுங்க."

மாட்டிக்கொண்டேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை என்பதுதான் உண்மை.

இயர்போன் போட்டிருப்பவர்களுக்குத் தாம் கத்துவது தெரியாது. லஸ்கர் அந்த வராந்தாவில் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கும்படி விளக்கம் சொன்னார். "இதோ, சார்ஜ் ஒப்படைக்காம போறான் பாருங்க." ஹெர்னியா ஆபரேஷனுக்குத் தம்பியைச் சேர்த்திருந்த திருவையாற்றுக்காரர் ஒருவர் நாற்காலியை நகர்த்தி எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்தார். "யாருங்க இந்தக் குண்டன்?" என்றார். லஸ்கர் கதைச் சுருக்கமும் குற்றப் பத்திரிகையும் சேர்த்தே கொடுத்தார். இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். காவலாளி வந்து, "பெரியவரே, இது ஆஸ்பத்திரி. மெதுவாப் பேசுங்க" என்றார். "சரிங்க" என்று லஸ்கர் அதே குரலில் சொன்னார்.

நான் படத்தைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். அது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்புக் கூட வந்தது. உடனே எதிரில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தேன்.

"லஸ்கர், ஓமத் தண்ணி குடுத்தது நான்தான்" என்றேன்.

"தெரியும். தங்கச்சி போன்ல சொல்லுச்சு."

"நெல்லுக்காகப் புள்ளைய விட்டுட்டேன்."

"தப்புதான் வாத்யாரே" என்றார் லஸ்கர். இல்லை என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் திரையைக் காட்டினார். "அத அப்புறம் பேசிக்கலாம். இப்பப் படத்தப் பாருங்க."

சுவரில் முதல் விரிசல் விட்டது. நான் காலை ஒதுக்கி வழிவிட்டேன். லஸ்கர் எழுந்திருக்கவில்லை.

"கேஜ் பாக்கப் போவலையா?"

"இங்க என்ன கேஜு இருக்கு" என்றார். கண் திரையில் இல்லை, என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் முதல் முறையாகத் தணிந்திருந்தது. "நான் வேலையில சேந்த புதுசு வாத்யாரே. திருத்துறைப்பூண்டிப் பக்கம் போட்டிருந்தாங்க. அடைமழை. மணிக்கு மணி கேஜ் ஏறிட்டே வருது. கேஜ விட்டு நகரல நானு. திடீர்னு ஒரு நேரம் தபதபன்னு எறங்க ஆரம்பிச்சுது. அப்பாடான்னு ஆபீசுக்குப் போன் பண்ணி, வடியுது சார்னு சந்தோசமாச் சொல்றேன். டீ கூடப் போட்டுக் குடிச்சேன்."

நான் அவரைப் பார்த்தேன்.

"கீழ கரை உடைஞ்சு தண்ணி தெருவுக்குள்ள போயிட்டிருக்கு. அதான் எறங்கியிருக்கு. ஆளுங்க எப்படியோ மேட்டுல ஏறித் தப்பிச்சிட்டாங்க. மாடு, ஆடு, வீடு ஒன்னும் மிஞ்சல. நான் போயி நிக்கும்போது கரை இன்னும் உடைஞ்சுகிட்டே இருந்துச்சு. அந்தச் சத்தம் இருக்கே. இந்தப் படத்துல அதே சத்தத்தப் போட்டிருக்கானுவ, எங்கதான் கேட்டானுவளோ."

பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு தடவை கூடப் பார்க்காத பகுதி அது. முன்னூறு தடவை பார்த்த படத்தில் கதாநாயகன் என்ன செய்து ஊரைக் காப்பாற்றினான் என்பது, ஐந்து வயதுக் கயல் டிவிக்கு முதுகைக் கொடுத்து நடித்துக் காட்டியதால்தான் அவருக்குத் தெரியும்.

"நிப்பாட்டிருவோம் லஸ்கர்" என்றேன்.

"வேண்டாம். ஓடட்டும்."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஷட்டர் திருகிக் காய்த்துப்போன கை. சுவர் பிளந்தது, தண்ணீர் பீறிட்டது, புயல்முகன் தொந்தி நடுங்க முதுகைக் கொடுத்து நின்றார். லஸ்கரின் நெற்றியில் வேர்வை வழிந்தது. கண்ணை மூடவில்லை. முடிந்ததும் பின்னாலிருந்த திருவையாற்றுக்காரர், "பரவால்லங்க, குண்டன் நல்லாத்தான் நிக்கிறான்" என்றார். லஸ்கர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "மேல மதகு ரெகுலேட்டருக்கு ஒரு போன் போட்டிருந்தா இவ்வளவு கஷ்டமே இல்லைங்க" என்றார்.

ஜனங்கள் மேட்டில் கைதட்டினார்கள். படம் முடிந்தது. கதவு திறக்கவில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு மணி நேரமும் ஆகிவிட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. என் மனைவி எழுந்து நின்று சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த நேரத்தில் எந்தக் கடவுளிடம் என்ன பேரம் பேசினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். நிலத்தையே கொடுத்துவிட்டேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லஸ்கர் செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "இன்னொரு தடவ போடட்டுமா?" என்றார்.

"போடுங்க."

இயர்போனை மறுபடி காதில் வைத்தேன். கலங்கரை விளக்கம் வந்தது, மின்னல் தாக்கியது, தொந்திக்காரர் கண்ணாடி முன்னால் நின்று முகமூடியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. நான் எழுந்த வேகத்தில் செல்போன் கீழே விழுந்து சறுக்கிக்கொண்டு போனது. டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு, "சுத்தம் பண்ணியாச்சு. கொஞ்சம் நேரம் கூடப் புடிச்சுது, நல்லாவே இருக்கா. ரெண்டு நாள் கவனமாப் பாத்துக்கணும், அவ்வளவுதான்" என்றார். என் மனைவி என் தோளில் ஒரு அடி அடித்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்து அழுதாள். திருவையாற்றுக்காரர் கீழே கிடந்த செல்போனை எடுத்துத் துடைத்து, படம் நின்ற இடத்திலிருந்து தானே பார்க்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் வார்டில் விட்டார்கள். கயலின் கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. லஸ்கர் கட்டிலுக்குத் தலைமாட்டில் நின்றுகொண்டு, சொட்டுச் சொட்டாக இறங்குவதை நீண்ட நேரம் ஆராய்ந்தார். அந்தக் குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அதைக் கண்டதும் அவருக்குச் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. நர்ஸ் வந்ததும் ஆரம்பித்தார்.

"கொஞ்சம் வேகமாப் போவுதும்மா. ஒரு சுத்து எறக்கிரலாமா?"

"நீங்க யாருங்க, டாக்டரா?"

"லஸ்கரும்மா."

"அதுல கை வச்சீங்கன்னா வெளிய ஒக்கார வச்சிருவேன். அது டாக்டர் சொன்ன அளவு."

"உத்தரவு எழுத்துல இருக்காம்மா?"

அந்தப் பெண் கட்டில் காலில் தொங்கிய அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டியது. லஸ்கர் கண்ணாடியை மாட்டி வரி வரியாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகுந்த திருப்தியோடு, "இருக்கு வாத்யாரே. நேரம் போட்டுக் கையெழுத்தும் இருக்கு" என்றார்.

கயல் கண்ணைத் திறக்காமலே, "மாமா, மெதுவாப் பேசுங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பேசிய முதல் உருப்படியான வாக்கியம் அது. லஸ்கர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். வெகு நேரம் திரும்பவில்லை.

கயல் இப்போது பள்ளிக்குப் போகிறாள். தேறிவிட்டாள். தேறாதவன் நான்தான். அவள் கொட்டாவி விட்டால் கூட வயிறு வலிக்கிறதா என்று கேட்கிறேன். வலிக்கவில்லை என்று சொன்னால் இன்னும் பயமாக இருக்கிறது. வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு வராந்தாவுக்குப் போய் அவள் பள்ளிக்குப் போன் செய்கிறேன். அங்கிருக்கும் கிளார்க் என் குரலைக் கேட்டதும் "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

போன வாரம் பள்ளி விட்டு வரும்போது ஷட்டர் பக்கம் ஜீப் நின்றது. பெரிய இன்ஜினியர் மாறிப் போய், புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். லஸ்கர் கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்க்கச் சைக்கிளில் போயிருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீங்க இந்த வீடுங்களா சார்?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

"லஸ்கர உங்களுக்கு நல்லாத் தெரியும்ல? கேக்கணும்னே நெனச்சேன். போன மாசம் ஒரு சனிக்கிழமை, முறை வச்சுத் தண்ணி விடுற நாளு. காலையில ஆபீசுக்கே வந்து சாவியையும் லீவு லெட்டரையும் வச்சுட்டு நிக்கிறாரு. சர்வீஸ் புக்க எடுத்துப் பாத்தா, மனுசன் இதுக்கு முன்ன ஒரு நாள் கூட லீவு போட்டதில்ல. மகளுக்கு ஆபரேஷன்னு எழுதியிருந்தாரு. அவர்கிட்ட கேட்டா ஒன்னும் சொல்ல மாட்டேங்கிறாரு. இப்ப எப்படி இருக்கு சார், அவரு பொண்ணு?"

லஸ்கருக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் பையன்கள்.

"நல்லா இருக்குங்க மேடம்" என்றேன். "காலையில மூணு இட்லி சாப்பிட்டுச்சு."